போதையை விட மருந்தா... அதுவும் போதைதானே?

“மாத்திரைப் போதையை விடறதுக்கு மறுபடியும் மாத்திரையாங்க?” போதைக்கு அடிமையான பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், இதே சந்தேகத்தில் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் டேபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் சில ஆண்டுகளாக வந்தபடி இருக்கின்றன. பவானியில் ஜமக்காளத் தறி ஓடும் வீடானாலும் சரி, மஞ்சள் விளையும் தோட்டத்து வீடானாலும் சரி, ‘நம்ம பையன் அப்படியில்லை’ என்று அசட்டையாக இருக்க முடியாது. ஹெராயின், அபின், டிரமடால், டேபென்டடால் எல்லாமே ‘ஓபியாய்டு’ என்ற ஒரே குடும்பம்தான். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 77 லட்சம் பேர்.

மன உறுதி மட்டும் ஏன் போதாது?

தொடர்ந்து எடுக்கும்போது மூளை அந்தப் பொருளுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, மூக்கில் நீர் வடிதல், தூக்கமின்மை என்று உடம்பு படுத்தி எடுக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் பலரும் மறுபடி ஊசியைத் தேடுகிறார்கள்.

மருந்து என்ன செய்யும்?

புப்ரெநார்ஃபின்: நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. மூளையில் ஓபியாய்டு உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, ஏக்கத்தையும் வலியையும் தணிக்கும். ஓர் அளவுக்கு மேல் இதன் வேகம் கூடாது. இதோடு நலாக்சோன் சேர்ந்த மாத்திரையும் உண்டு. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் போதை வராது, அவஸ்தைதான் வரும். உரிமம் பெற்ற சிகிச்சை மையங்களில் மட்டுமே இது கிடைக்கும்.

மெத்தடோன்: மருத்துவக் கண்காணிப்பில் தினமும் குடிக்கும் திரவ மருந்து. இந்தியாவில் 2012-ல் அறிமுகமானது.

நால்ட்ரெக்சோன்: போதைப்பொருள் வேலை செய்யாமல் தடுக்கும். ஆனால், 7 முதல் 10 நாள்கள் ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் இருந்த பிறகே தொடங்க முடியும்.

புப்ரெநார்ஃபினையும் மெத்தடோனையும் 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது உலக சுகாதார நிறுவனம். போதை தேடி ஓடாமல் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போக வைப்பதால்தான் இது சிகிச்சை. சர்க்கரை நோய்க்குத் தினமும் மருந்து சாப்பிடுவதைப் போதை என்று யாரும் சொல்வதில்லையே!

‘சரியாயிட்டான்’ என்று நிறுத்தாதீர்கள்

சிகிச்சையை விட்டபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவிலேயே மறுபடி போதை ஊசி போட்டால் மூச்சு நின்றுபோகலாம். மருந்தை எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிலருக்குச் சில ஆண்டுகள்கூடத் தேவைப்படும்.

வீட்டில் கவனிக்க...

* மாத்திரையைப் பூட்டி வையுங்கள். குழந்தைகள் கைக்குப் போனால் ஆபத்து.
* மது, தூக்க மாத்திரையோடு இந்த மருந்துகள் சேரக் கூடாது.
* எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். நலாக்சோன் ஊசி உயிரைக் காக்கும்.
* சங்கிலியில் கட்டிவைப்பது சிகிச்சையல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதைத் தடை செய்கிறது.

‘வெளியே தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு கொடுப்பாங்களா?’ என்று தயங்கியே நாளைக் கடத்த வேண்டாம். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். பையன் இருந்தால்தானே கல்யாணப் பேச்சு!