விடைபெற்ற மார்க்குக்குத் தங்க மரியாதை

யூரோ நோட்டுகளும் காசுகளும் கைக்கு வர இன்னும் ஐந்தே மாதங்கள். அந்த நேரத்தில், 2001 ஜூலை 26 அன்று, ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் பழைய ஒரு மார்க் காசைத் தங்கத்தில் வெளியிட்டது. மொத்தம் பத்து லட்சம் காசுகள்.

ஜெர்மனியில் நோட்டு வெளியிடுவது மத்திய வங்கி. காசு வெளியிடும் உரிமையோ அரசுடையது. ஆகவே, இந்த ஒரு காசுக்காகவே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

புழக்கத்தில் இருந்த காசையும் தங்கக் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒருபுறம் கழுகு, மறுபுறம் ஓக் இலைகளோடு 1 என்ற எண். குறுக்களவும் அதே 23.5 மில்லிமீட்டர். நாட்டின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வங்கியின் பெயர். கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். பழைய காசு 5.5 கிராம்; இது 12 கிராம் சுத்தத் தங்கம், நம் கணக்கில் ஒன்றரை சவரன். பெர்லின், மியூனிக், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹாம்பர்க் ஆகிய ஐந்து நாணயச் சாலைகளிலும் அச்சிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக ஓர் எழுத்து உண்டு. ஐந்தையும் சேர்த்து வைப்பதுதான் சேகரிப்பாளர்களின் ஆசை.

ஒரு சில்லறைக் காசுக்கு ஏன் இத்தனை மரியாதை? 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் சேமிப்பெல்லாம் கரைந்துபோனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பணத்துக்கு மதிப்பில்லை. கள்ளச்சந்தையில் சிகரெட்தான் செல்லுபடியானது. 1948 ஜூன் 20 அன்று மேற்கு ஜெர்மனியில் புதிய மார்க் வந்தது. முதலில் தலைக்கு 40 மார்க் கொடுத்தார்கள். பதுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் மறுநாளே கடைகளுக்கு வந்தது. இருமுறை ஏமாந்த மக்கள் மீண்டும் நம்பிய பணம் அது.

விற்பனை லாபத்தை எங்கே செலவிடுவது என்பதையும் அந்தச் சட்டமே சொன்னது. ஒரு பகுதி, பண மதிப்பு நிலையாக இருப்பது பற்றி ஆராயும் அறக்கட்டளைக்கு. மீதி, பெர்லின் அருங்காட்சியகத் தீவின் சீரமைப்புக்கு.

இன்று உலகெங்கும் எதற்கெடுத்தாலும் நினைவுக் காசு வருகிறது. வாங்குவதற்கு முன், எடையையும் சுத்தத்தையும் பார்ப்பதோடு, இது யாருடைய நினைவு என்றும் கேட்க வேண்டும். ஜெர்மானியர் தினமும் சட்டைப்பையில் வைத்திருந்த காசையே புண்டஸ்பாங்க் தங்கமாக்கியது. பழைய மார்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கெடு எதுவும் இல்லாமல், 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்று இன்றும் மாற்றித் தருகிறது. ஒரு மத்திய வங்கி தன் பணத்துக்குச் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதை, காலக்கெடு இல்லாத அந்த வாக்குறுதிதான்.