போட்டோவில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம்: சேலைப் படங்களை எடிட் செய்ய எந்த மானிட்டர் சரி?

“போட்டோவுல மயில் கழுத்து கலர்னு பார்த்துதான் வாங்கினேன். வந்தது வெறும் பச்சையா இருக்கே!” ஆன்லைனில் பட்டுச் சேலை விற்பவர்கள் அதிகம் பயப்படும் புகார் இதுதான். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டும் இதற்கு விதிவிலக்கல்ல. சேலை திரும்பி வந்தால் கூரியர் செலவு ஒருபக்கம், வாடிக்கையாளரின் நம்பிக்கை போவது இன்னொரு பக்கம். தவறு நெசவிலோ சாயத்திலோ இல்லாமல், போட்டோ எடிட் செய்த மானிட்டரில்கூட இருக்கலாம்.

டியூப் மானிட்டரை இன்னும் சிலர் விடாதது ஏன்?

காரணம் இருக்கிறது. டியூப் மானிட்டரில் கறுப்பு நன்றாகக் கறுப்பாகவே தெரியும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. தொடக்க கால ஃபிளாட் மானிட்டர்களில் இந்த இரண்டுமே குறை. அதனால்தான் ஸ்டுடியோக்காரர்கள் பலர் வெகுகாலம் டியூபை விடவில்லை. 1996-ல் வந்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுகோலும் அன்றைய டியூப் மானிட்டர்களை வைத்தே வகுக்கப்பட்டது.

அப்படியானால் இப்போதும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். டியூபின் உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சு வருடங்கள் போகப்போக மங்கும். நிறமும் ஒரு பக்கம் சாயும். நாம் அதை ஈடுகட்ட படத்தைப் பளிச்சென்று ஏற்றிவிடுவோம். வாடிக்கையாளரின் செல்போனில் அது கண்ணைப் பறிக்கும்.

ஃபிளாட் மானிட்டர் எல்லாமே ஒன்றுதானா?

இல்லை. விலை குறைவான ‘டிஎன்’ வகையில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறும். மயில் கழுத்து போன்ற சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கோணத்துக்குக் கோணம் அது தானாகவே மாறித் தெரியும். மாறுவது சேலையா, திரையா என்றே புரியாது. ‘ஐபிஎஸ்’ வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வாங்கும்போது ‘ஐபிஎஸ், 100% எஸ்ஆர்ஜிபி’ என்று இருக்கிறதா பாருங்கள்.

வாங்கியபின் என்ன செய்ய வேண்டும்?

* மானிட்டரில் வெண்மை அளவை 6500 கெல்வின், காமா 2.2 என்று வையுங்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றாதீர்கள்.
* ஆன் செய்து அரை மணி நேரம் கழித்து நிறம் திருத்துங்கள்.
* சேலையின் ஓரத்தில் வெள்ளைத்தாள் வைத்து ஒரு படம் எடுங்கள். தாள் திரையில் மஞ்சளடித்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.
* ஜன்னல் வெளிச்சத்தில் சேலையை மானிட்டர் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.
* படத்தை எஸ்ஆர்ஜிபி-யில் சேமியுங்கள்.

இவ்வளவு செய்தாலும் அடர்ந்த மயில் பச்சை போன்ற சில நிறங்கள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்குள் முழுதாக அடங்காது. அதனால் பாவு நிறம், ஊடை நிறம் இரண்டையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த சின்ன வீடியோவும் அனுப்புங்கள்.

பழைய டியூபை என்ன செய்வது?

திறந்து பார்க்காதீர்கள், உள்ளே 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும். அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு. எடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.

தறியில் பல நாள் உழைத்து வந்த நிறம் அது. அதைத் திரையில் அழகாக்க வேண்டியதில்லை, உள்ளபடி காட்டினால் போதும்.