முகத்தின் நிறம் மாறாமல் அச்சிட

புதிய ஃபோட்டோ பிறின்டர் வாங்கியதும் பலர் முதலில் கைவைப்பது நிறங்களைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில்தான். அதைச் சற்றுப் பொறுத்துச் செய்யலாம். முகம் கறுத்தோ சிவந்தோ வந்தால், முதலில் தாள் வகையைப் பாருங்கள். பளபளப்பான ஃபோட்டோத் தாளை வைத்துவிட்டுக் கணனியில் 'சாதாரண தாள்' என்றே விட்டிருந்தால், மையின் அளவு பிழைத்துவிடும்.

படம் திருத்தும் மென்பொருள், பிறின்டர் இரண்டும் நிறத்தைத் திருத்தினால் அது இருமுறை மாறும். தொடக்கத்தில் பிறின்டரிடமே விடுங்கள். கோடு கோடாக விழுந்தால் மைத்துளை அடைத்திருக்கலாம். சோதனைத் தாள் ஒன்றை அடித்துப் பாருங்கள்.

எமது பயிற்சிக்கு வரும் சகோதரிகள் சிலரிடம் இருப்பது ஒரே ஒரு படம்தான். இடப்பெயர்வுகளில் தப்பியது, ஈரம்பட்டு மஞ்சளித்தது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் முகத்தை 'வெள்ளையாக்கி' கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அவனது நிறம் தாய்க்குத்தான் தெரியும். அவரைப் பக்கத்தில் இருத்தி, சிறு துண்டொன்றை அடித்து, மை காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் காட்டிக் கேளுங்கள். பிறகு நிறத்தைச் சிறிது சிறிதாக மாற்றலாம்.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் நீதி கேட்டு அமர்ந்த தாய்மாரின் கைகளில் இருந்தவையும் இத்தகைய படங்களே. வெயிலில் சாய மை விரைவாக வெளிறும்; நிறமி மை பொதுவாகக் கூடிய காலம் நிற்கும். எந்த மை என்று வாங்கும்போதே கேளுங்கள். வெளியே கொண்டுபோவது பிரதியாகட்டும். ஸ்கான் செய்த மூலப்படம் வீட்டில் இருக்கட்டும்.