எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மேற்கு மலை அடிவாரம் – 9

சென்ற வாரம் சின்னமனூரிலிருந்து தென்பழனிச் சாவடியைக் கடந்து, பூக்களின் பெயர் சூட்டப்பெற்ற 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்களின் நடுவே வந்து நின்ற வாசகரை, இந்த வாரம் இன்னும் சற்றுத் தூரம் அழைத்துச் சென்று, இரவங்கலாற்றுக்கு அப்பால் மகாராஜா மெட்டு என்று ஜனங்கள் சொல்லும் மலைவிளிம்பிலே நிறுத்த விரும்புகிறேன். ஜூன் மாதத்துக் காலை வேளை. மேகம் காலடிக்குக் கீழே கிடக்கிறது. காற்று அதை ஒரு பக்கமாக ஒதுக்கும்போது, திரை விலகினாற்போலக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது: கூடலூர், சுருளிப்பட்டி, கம்பம், உத்தமபாளையம், இடையிடையே நாற்றங்காலின் இளம்பச்சை, திராட்சைப் பந்தல்களின் கரும்பச்சை, தொழி அடித்த வயல்களில் கண்ணாடிச் சில்லுகளாகத் தேங்கி நிற்கும் நீர்.

இந்தக் காட்சியை இயற்கையின் வரப்பிரசாதம் என்று புகழாத யாத்திரிகர் இல்லை. ஆனால் அந்த வயல்களில் நிற்கும் நீர் இயற்கையாக இந்தப் பக்கம் வந்த நீரன்று. மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டியதை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீர். நம் முதுகுக்குப் பின்னால் இரவங்கலாறு என்றும் மணலாறு என்றும் பெயர் கொண்டு விளங்கும் ஏரிகளும் தாமாகத் தேங்கியவை அல்ல; 1978-ல் மின்சாரம் தரத் தொடங்கிய 35 மெகாவாட் சுருளியாறு நிலையத்துக்காக மனிதர் கட்டிய நீர்த்தேக்கங்கள். நாம் ஏறி வந்த மலைப்பாதையும் தோட்டக்காரர்கள் தங்கள் தேயிலைக்காக வெட்டிய வழிதான்; நெடுஞ்சாலைத் துறையின் கைக்கு வந்து செப்பனிடப்பட்டது பிற்காலத்தில். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் யாரோ பணம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தை எங்கேயோ ஒரு பேரேட்டில் செலவு என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு வரவையும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஒரு பொதுவேலையால் விளையும் நன்மை எத்தனை பெரிதாயினும், பணம் கொடுப்பவனுடைய பேரேட்டிலே அந்த நன்மையை வரவென்று எழுத இடமில்லாமற் போனால் அந்த வேலை கிடப்பிலே கிடக்கும் என்பது, இந்தப் பள்ளத்தாக்கின் இருநூறு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறபோது எனக்கு உண்டான திடமான அபிப்பிராயம். இவ்வார விஷயமும் அதுவே.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை, அதற்காக அணை கட்டிய பொறியாளர் பென்னி குவிக்குக்கு முன்னரே நூறு வருஷம் பழையது. இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்து வரும்படி ஆட்களை மலைக்கு அனுப்பியது 1789-ஆம் ஆண்டில். சமஸ்தானத்தின் சக்திக்கு மீறிய செலவு என்று தெரிந்ததும் அது நின்றது. 1808-ல் கேப்டன் கால்ட்வெல் பார்த்துவிட்டு ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் திட்டம் தீட்டினார்; காகிதங்கள் ஒரு கச்சேரியிலிருந்து மறு கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நீரின் தேவை இந்த எண்பது வருஷத்தில் குறைந்துவிடவில்லை. வைகைப் பாசனத்து ஜனங்கள் மழை பொய்த்த வருஷமெல்லாம் வாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு 1876-ல் தொடங்கிய தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. தென்னாட்டிலே லட்சக்கணக்கான உயிர்கள் மடிந்தன. அந்த மரணங்களுக்குப் பின் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தபோதுதான், நீர்ப்பாசனத்துக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு சர்க்கார் பாஷையிலேயே ஒரு விடை கிடைத்தது. அக்காலத்து இந்திய சர்க்கார் பொதுவேலைகளை இரு வகுப்பாகப் பிரித்திருந்தது. கடன் வாங்கிச் செய்து, தண்ணீர்த் தீர்வையால் அந்தக் கடனின் வட்டியைச் சம்பாதித்துக் கொடுக்கக்கூடியவை ஆதாய வேலைகள். வட்டி தேறாவிட்டாலும் பஞ்சம் வராமல் காக்கும் என்று, வருஷ வருமானத்தில் ஒதுக்கிய பஞ்ச நிதியிலிருந்து செய்பவை பாதுகாப்பு வேலைகள். பின்னதற்குக் கிடைக்கும் தொகை சொற்பம். முன்னதற்கோ லண்டன் பணச்சந்தையே திறந்திருந்தது. பெரியாற்றுத் திட்டம் நிறைவேறியது முதல் வகுப்பிலே இடம் பெற்றதனால்தான். பஞ்சத்தில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் ஓர் எண்ணாகக்கூட வரவில்லை. உயிரோடிருந்து தீர்வை கட்டப் போகிறவர்கள்தாம் வந்தார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் நடந்தது அதுவே.

1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இந்தியா மந்திரிக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அணை நீரில் மூழ்கப்போகும் நிலம் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். குத்தகைக் காலம் 999 வருஷம். 1887-ல் அணை வேலை தொடங்கி, வெள்ளம் அடித்துக்கொண்டு போனவற்றை மீண்டும் மீண்டும் கட்டி, மலைக்காய்ச்சலில் விழுந்தவர்களைப் புதைத்துவிட்டு மறுநாள் மீண்டும் சுண்ணாம்பு அரைத்து, 1895 அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 5,704 அடி நீளத்துக்கு மலையைக் குடைந்த சுரங்க வழியாக நீர் கிழக்கே இறங்கியது.

பணம் போதாமற் போனபோது கர்னல் பென்னி குவிக் சீமையிலிருந்த தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று இந்தப் பக்கத்தில் கேட்காத திண்ணை இல்லை. லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15-ல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள்; பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். அந்த நன்றியைப் பார்த்து நெஞ்சு நெகிழாதவன் நானல்லன். ஆனால் அணையில் வேலை செய்த பொறியாளர் மெக்கன்ஸி 1899-ல் வெளியிட்ட வரலாற்றைப் புரட்டினால், மதிப்பீடு, மறுமதிப்பீடு, மேலிடத்து ஒப்புதல் என்று சர்க்கார் கஜானாவின் சுவடுகளே நிறைந்திருக்கின்றன. அந்தக் கஜானாவின் கடனை அடைத்தவர் யார்? கம்பத்திலும் மேலூரிலும் சேற்றில் நின்று நாற்று நட்டு, விளைச்சலை விற்றுத் தீர்வை கட்டிய குடியானவரும் அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களுக்கும் ஒரு மண்டபம் எழ வேண்டும் என்பது என் ஆசை.

அந்த 40,000 ரூபாய்க் குத்தகை 84 வருஷம் அசையாமல் நின்றது. 1970-ல்தான் தமிழ்நாடும் கேரளமும் அதை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின; லோயர் கேம்ப்பில் அதே நீரிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் அப்போது ஏற்பட்டது. அணை உயரத்தின் வழக்குகளை இத்தொடரின் நான்காம் பகுதியிலே சொல்லியாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் ஒரு சர்க்காரின் பேரேட்டிலும், நீரில் மூழ்கிய காடு இன்னொரு சர்க்காரின் பேரேட்டிலும் ஏறியதனால், ஒரே நீர் ஒரு பக்கம் வரவாகவும் மறுபக்கம் செலவாகவும் இன்றுவரை எழுதப்பட்டு வருகிறது.

இனி வடக்கே போடிநாயக்கனூருக்கு வருவோம். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிப் பக்கம் இறங்கிய கண்ணன் தேவன் தேயிலைக்கும், மலைமேல் விளையும் ஏலத்துக்கும் வாயிலாக இருந்த ஊர் அது. சரக்கு இருந்ததனால் பாதை வந்தது: மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, வேறு எங்கேயோ தேவை என்று அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். இந்த ஊர் ஜனங்களின் சௌகரியம் யுத்தச் செலவின் பேரேட்டுக்கு மாற்றப்பட்டது. திரும்பப் பாதை போட்டுக் கொடுத்தது சுதந்திரத்துக்குப் பின், ஐம்பதுகளிலே.

பிறகு இரண்டு தலைமுறை கழித்து அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த ரயிலையும் நிறுத்தினார்கள். தேனி வரை மீண்டும் ரயில் ஓடியது 2022 மே 27-ல். 75 கிலோமீட்டருக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆயிற்று என்றார்கள். எஞ்சிய சிறு தூரத்தைக் கடந்து போடியை அது எட்டியது 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டரை வருஷம்! மலையைக் குடைந்து பெரியாற்றையே திருப்புவதற்கு எட்டு வருஷம் போதுமாயிருந்தது. உசிலம்பட்டியையும் ஆண்டிப்பட்டிக் கணவாயையும் கடந்து, முன்பே பாதை கிடந்த மண்ணிலே, மீண்டும் பாதை போட இத்தனை காலம்.

காரணம் மண்ணிலோ பாறையிலோ இல்லை. ரயில்வே இலாகா ஒரு புதிய பாதையை எடைபோட நெடுங்காலம் கைக்கொண்ட அளவுகோல், போட்ட முதலுக்கு நூற்றுக்கு 14 வருவாய் வேண்டும் என்பது. அதை எட்டும் பாதைகள் நாட்டில் அபூர்வம். எட்டாதவற்றையும் ஜனங்களின் கோரிக்கைக்கு இணங்கிப் பார்லிமெண்டில் அறிவித்துவிடுவார்கள். அந்தந்த மந்திரியின் சொந்த மாகாணத்துக்குச் சற்றுத் தாராளமாகவே அறிவிப்பு வரும். அறிவிப்புக்குச் செலவில்லை. செலவு வருஷா வருஷம் 'பிங்க் புக்' என்னும் அந்த ஒதுக்கீட்டுப் புத்தகத்திலே வரவேண்டும். சமீப வருஷங்களில் தமிழ்நாட்டுப் புதிய பாதைகள் பலவற்றுக்கு அந்தப் புத்தகத்தில் கண்ட தொகை தலா 1,000 ரூபாய். திட்டம் இறக்கவில்லை என்று காட்டுவதற்காக மட்டும் வைக்கும் தொகை அது. 2017-லிருந்து தனி ரயில்வே பட்ஜெட்டும் இல்லாமற் போனது. அன்று முதல் ஒரு பாதையின் கதியைப் பற்றிச் சபையிலே நாள் குறித்து விவாதிக்கும் வழக்கமும் மங்கிவிட்டது.

ரயில் நின்றிருந்த இதே காலத்தில் போடிக்கு அருகே பொட்டிப்புரம் கிராமத்தை ஒட்டிய அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் குடைவதற்கு, 2015 ஜனவரியில், மத்திய மந்திரிசபை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கிராமத்தார் எதிர்த்தனர், நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும் குறுக்கிட்டன. விஞ்ஞானத்துக்குப் பணம் கூடாது என்பது என் கட்சியன்று. ஆனால், கேட்டது வராமலும் கேளாதது கேட்குமுன்னே வந்தும் நின்ற அந்த வருஷங்களில் இந்த ஊர் ஜனங்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை, டில்லியில் உட்கார்ந்து இரு கோப்புகளிலும் கையெழுத்திட்டவர்கள் ஒருமுறை எண்ணியிருக்க வேண்டும்.

போடியில் ஏலக்காய் ஆய்கிற ஒரு கொட்டகையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுளகைச் சரித்துப் பிடித்து, பச்சை மாறாத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று விரல் நுனியாலேயே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அறை முழுவதும் அந்த மணம். ரயிலைப் பற்றிக் கேட்டபோது, மூத்தவராகத் தோன்றிய ஓர் அம்மாள் காயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரயிலு நின்னப்ப எம்மக அஞ்சாப்பு படிச்சாய்யா. திரும்ப வந்தப்ப அவளுக்குக் கல்யாணமாகிக் கையில பிள்ள. நடுவுல அவ மதுரைக்குக் காலேஜு போகணும்னா, பஸ்ஸுக்குக் குடுத்துக் கட்டுபடி ஆகலை, விட்டுட்டோம்" என்றார்.

அந்தப் பெண் படிக்காமற் போன படிப்பு எந்த இலாகாவின் பேரேட்டில் நஷ்டமாக ஏறியிருக்கிறது? நூற்றுக்கு 14 என்று கணக்கிட்டவர்கள் டிக்கெட்டையும் சரக்குக் கூலியையும் எண்ணினார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியையும், விடியற்காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பக்கூடிய மாணவியையும் எண்ணுவதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. இதற்கு மாற்று உண்டா என்றால், நம் மாகாணத்திலேயே இருந்திருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு சிறு செஸ் வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் சொந்தமாகவே ரயில் பாதை போட்டது. நன்மையை அனுபவிக்கிற ஜனங்களின் கையிலேயே பேரேடும் இருந்ததனால், எதை வரவு என்று எழுதுவது என்பதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. இன்றைய மாவட்டங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை, பாதை போடும் அதிகாரமும் இல்லை; மனுக் கொடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை ஒரு பாதை வேண்டும் என்ற மனு பல காலமாக ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கட்சியின் வாக்குறுதியிலும் ஏறி இறங்கி வருகிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. பெற்ற பின்பும், சாயங்காலத்தில் அறுத்த குலைகளைப் பெட்டிகளில் அடுக்கி லாரியில்தான் ஏற்றுகிறார்கள்.

போடி ரயில் நிலையத்தில் மேடையின் மேற்குக் கோடி வரை நடந்து போனேன். தண்டவாளம் ஒரு தடுப்புக் கட்டையிலே முட்டி நிற்கிறது. கட்டைக்கு அப்பால் புல். அதற்கு அப்பால் மலை, நீலமாக. சென்னை போகும் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. தலையில் ஏல மூட்டையோடு வந்த ஒருவர் மேடையில் அதை இறக்கி வைத்துவிட்டு, துண்டை உதறிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

(தொடரும்)