மண்ணில் உறங்கும் பகைவன்

தோட்டத்துப் பாத்தியில் ஸ்ட்ராபெர்ரிச் செடிகள் வாடி இறந்துவிட்டன. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் புதிய கன்றுகளை நடுகிறோம். சில மாதங்களில் அவையும் வாடுகின்றன. கன்றில் குறையா? நீர் போதவில்லையா? பல சமயங்களில் காரணம் மண்ணில்தான் இருக்கிறது.

வெர்ட்டிசிலியம் என்னும் பூஞ்சைக்காளான் வேரின் வழியே செடிக்குள் நுழைகிறது. நீரை மேலே கொண்டு செல்லும் சைலம் குழாய்களில் வளர்ந்து அவற்றை அடைக்கிறது. ஆகவே மண்ணில் ஈரம் இருந்தும் செடி நீரின்றி வாடுகிறது. வெளிப்புற இலைகள் முதலில் காயும்; நடுவிலுள்ள இளந்தளிர்கள் சில நாள் பசுமையாக நிற்கும். இதுவே நோயின் அடையாளம்.

செடி இறந்தாலும் பகைவன் இறப்பதில்லை! கடுகைவிட மிகச் சிறிய கரிய மணிகளாக மாறி மண்ணில் உறங்குகிறான். பத்து ஆண்டுகளுக்கு மேலும் இம்மணிகள் உயிரோடிருக்கும். புதிய வேர் அருகில் வந்தால், அதிலிருந்து கசியும் பொருள்கள் அவற்றை எழுப்பிவிடும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் இப்பூஞ்சை தாக்கும். எனவே அவை விளைந்த பாத்தியும் ஸ்ட்ராபெர்ரிக்கு ஏற்றதன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960-களிலிருந்து, நடவுக்கு முன் மெதில் புரோமைடு, குளோரோபிக்ரின் என்னும் நச்சுப் பொருள்களை மண்ணில் செலுத்தி வந்தனர். விளைச்சல் பெருகியது. ஆனால் மெதில் புரோமைடு வானில் உயர்ந்து ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரியவந்தது. 1987-இல் உருவான மாண்ட்ரீல் உடன்படிக்கையில் 1992-இல் அதுவும் சேர்க்கப்பட்டது. அங்குள்ள பழ வயல்களுக்குத் தரப்பட்ட சலுகையும் 2016-உடன் முடிந்தது.

மாற்று வழிகளுள் ஒன்றில் நமக்குப் பழக்கமான அரிசித் தவிடு பயன்படுகிறது. தவிட்டை மண்ணில் கலந்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, நீர் பாய்ச்சுகிறார்கள். பாக்டீரியாக்கள் தவிட்டைத் தின்று பெருகி, மண்ணிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பின்னர், ஆக்ஸிஜனின்றி வாழும் பாக்டீரியாக்கள் பெருகிக் கரிம அமிலங்களை உண்டாக்குகின்றன. இச்சூழலில் பூஞ்சையின் மணிகள் பெருமளவு அழிகின்றன.

வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்யலாம்? இறந்த செடியை வேரோடு அகற்றுங்கள். வேறு பாத்தியில், அல்லது புதிய மண் நிரப்பிய தொட்டியில், நோயற்ற கன்றை நடுங்கள். கன்றின் குருத்து மண்ணில் புதையக்கூடாது, புதைந்தால் அழுகும். நீர் தேங்கவும் விடாதீர்கள்.

மறுபடி நடுமுன், முதற்செடி ஏன் இறந்தது என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை காணாமல் நடும் கன்றுக்கும் அதே கதி நேரலாம்.