ஓரணாச் சிற்றுண்டியும் ஒரு கணக்குத் தலைப்பும்

தியாகராய நகருக்குத் துணிமணி வாங்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர், யார் அந்தத் தியாகராயர் என்று கேட்டிருப்போம்? நீதிக்கட்சியின் தலைவர், 1920இல் முதலமைச்சர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாமென்றவர், சென்னை மாநகராட்சியின் தலைவராய் இருந்தவர். அவரைப் பற்றிய ஒரு கணக்கு வழக்கைத்தான் இங்கு எழுத முனைகிறேன். இயற்பியல் மாணவனுக்கு ஆட்சித்துறையில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சத்துணவுத் தட்டு இல்லாதிருந்தால் பள்ளி வாசலையே மிதித்திருப்பேனா என்பது ஐயமே. ஆகவே அந்தச் சோற்றுக்குப் பணம் எவ்வழியே வருகிறது என்று அறிய எனக்கு உரிமை உண்டு!

1920ஆம் ஆண்டு, ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தியாகராயர் தலைமையிலான மன்றம் தீர்மானித்தது. செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகலாகாது. வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறைகிறது என்பதே அவர் காட்டிய காரணம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது, வருகையும் பெருகியது.

ஆனால் 1925 ஏப்ரல் முதல் நாளன்று அது நின்றுபோயிற்று. அரிசிப் பஞ்சமா? இல்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கில அரசு மறுத்துவிட்டது. கல்விக்கென வைத்த பணத்தில் உணவு போடலாமா என்பதே சிக்கல். அக்காலம் இரட்டையாட்சிக் காலம். கல்வித்துறை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்கள் கையில். நிதித்துறையோ ஆளுநரின் நிர்வாகக் குழுவின் கையில். அப்போது முதலமைச்சராய் இருந்தவர் பனகல் அரசர். ஆம், பூங்காவுக்குப் பெயர் தந்தவரேதான். துறை ஒருவரிடம், சாவி வேறொருவரிடம்! தியாகராயர் அதே 1925இல் மறைந்தார். இரண்டாண்டுக்குப் பின் திட்டம் மீண்டும் தளிர்த்தது.

பசித்த பிள்ளையைக் கணக்குத் தலைப்பு பார்த்துத் திருப்பி அனுப்புவது கொடுமையென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் தலைப்பே வேண்டாமென்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. தலைப்பு இல்லாவிட்டால், சோற்றுக்கு வைத்த பணம் வேறெதற்கோ போனாலும் கேட்க நாதியிராது.

இன்றைய நடைமுறையைப் பார்ப்போம். நிதியமைச்சர் கோட்டையில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்ததும் பணம் வந்துவிட்டது என்றே நம் ஊர்ப் பெரியவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையுடன் சட்டமன்றத்தின் முன் நிற்க வேண்டும். அரசமைப்பின் 203ஆம் பிரிவின்படி உறுப்பினர்கள் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. அடுத்து ஒதுக்கீட்டு மசோதா. அதன் பின்பே அரசாணை, நிதித்துறையின் இசைவு, கருவூலத்தில் பட்டியல். செலவழிந்த பிறகோ தணிக்கை. ஏ.ஜி. - டி.எம்.எஸ். என்றொரு மெட்ரோ நிலையம் தேனாம்பேட்டையில் உண்டல்லவா? அந்த ஏ.ஜி. என்பது மாநிலக் கணக்காயரைக் குறிக்கும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே இறங்குகிறார்கள். பெயரின் பொருளை அறிந்து இறங்குவோர் மிகச் சிலராகவே இருப்பர்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே காங்கிரஸ் மன்றம் குடியரசுத் தலைவர் கேட்டதைவிடக் கூட்டியும் ஒதுக்கலாம். நிக்சன், மன்றம் ஒதுக்கிய பணத்தைச் சில திட்டங்களுக்குச் செலவிடாமல் நிறுத்தி வைத்தார். அதனால் 1974இல் அவ்வதிகாரத்துக்குக் கடிவாளமிட ஒரு சட்டமே வந்தது. இரு தரப்பும் பிணங்கினால் அலுவலகங்கள் மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கிய மூடல் 35 நாள் நீடித்தது. நம் முறையில் மானியம் தோற்றால் அமைச்சரவையே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே இங்கு முதலமைச்சர் மனம் வைத்தால் கோப்பு நகர்கிறது, வைக்காவிட்டால் உறங்குகிறது. இதை நன்மையென்பதா தீமையென்பதா?

காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது அரசுப் பணத்தோடு ஊர் மக்களின் நன்கொடையும் சேர்ந்தே உலை ஏறியது. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால் பவுடரும் எண்ணெயும் தந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் சத்துணவைத் தொடங்கினார்; அது முதலில் கிராமப்புறங்களுக்கு, அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது: முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், ஒதுக்கீடு 33.56 கோடி ரூபாய். ஆயிரம் விளக்கில் நின்றுபோன சிற்றுண்டி, ஏறத்தாழ நூறாண்டு கழித்து மாநிலத்தின் கணக்கிலேயே ஏறிவிட்டது.

சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே படிக்கலாம். சத்துணவைக் காண விரும்புவோர் சமூக நலத்துறையின் 45ஆம் எண் மானியக் கோரிக்கையைப் புரட்டுக. எங்கள் பள்ளியில் எனக்கு இரண்டாம் கரண்டி சோறு போட்ட ஆயாவின் சம்பளமும், அந்த முட்டையும், பருப்பும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கின்றன.