ஒரே ராஜா, மூன்று உலோகம்

திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், இறைவன் கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்கிறது பெரியபுராணம். போடுமுன் அதில் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்று (தரம்) குறைந்திருந்ததாம்! சாமி கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்த கதை நம் விருத்தாசலத்துக் கதை. அப்படியிருக்க, அதே கடலூர் மாவட்டத்து மங்களூரில் பரணிலிருந்து இறங்கும் ராஜா தலை ரூபாயை மட்டும் உரைக்காமல் நம்பலாமா?

பழசு என்றாலே வெள்ளி, வெள்ளி என்றாலே லட்சம் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. உண்மையில் காசில் இருக்கும் தலையைவிட வருடம்தான் முக்கியம்.

1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. தேயாத ஒரு ரூபாயில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. வெள்ளி எட்டணாவில் அதில் பாதி, வெள்ளி நாலணாவில் கால்.

குழப்பம் ஆறாம் ஜார்ஜ் காலத்தில்தான். அவருடைய 1938, 1939 ரூபாய்கள் பழைய மாற்றுதான். உலகப்போர் வந்ததும் சனங்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள். அரசு 1940இல் வெள்ளியைக் காசின் எடையில் பாதியாகக் குறைத்தது. மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தன. எடை அதே 11.66 கிராம், வெள்ளியோ 5.83 கிராம்தான். கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளம் ஓடவிட்டார்கள். கையில் வைத்து உருட்டினாலே அது தெரியும்.

போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் இந்தியா சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைக் கடனாக வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் பாதி வெள்ளிக்காசுகளைத் திரட்டி உருக்கினார்கள். 1946இல் எட்டணாவும் நாலணாவும், 1947இல் ரூபாயும் முழு நிக்கலாயின. புலி போட்ட 1947 ரூபாய் வெள்ளிபோல மினுங்கும்; காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஆனால், ஒட்டாததெல்லாம் வெள்ளியும் அல்ல.

விலைக் கணக்கு எளிது. கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1938 ரூபாயின் வெள்ளி மதிப்பு 1,069. 1944 ரூபாய்க்கு 583. 1947 ரூபாய்க்குச் சுழியம். கடைக்காரர் தேய்மானமும் உருக்குச் செலவும் கழித்துத்தான் தருவார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெள்ளி வந்தது. காந்தி நூற்றாண்டுக்கு 1969இல் வந்த பத்து ரூபாய் 15 கிராம். அதில் 80 சதவீதம், அதாவது 12 கிராம் வெள்ளி. அதே ஆண்டுக் காந்தி ஒரு ரூபாயோ நிக்கல்.

சேகரிப்பவர்களின் கணக்கு வேறு. 1939 ரூபாய் அரிது என்பதால் அதன் விலை வெள்ளி விலையைவிடப் பல மடங்கு. அதனால் போலிகளும் உண்டு. அப்படி அரிய காசு கிடைத்தால் விபூதி, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போவதோடு விலையும் போய்விடும். வருடத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்; சொல்கிற விலை சரியா என்று அங்கேயே நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.